முதல் ஜப்பானிய வாள்: எதைப் பார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். ஒரு பழைய வீட்டைக் காலிசெய்த விற்பனையில், தோல் போர்த்திய உறையோடு ஜப்பானிய ராணுவ வாள் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அலகில் அங்கங்கே செந்துரு. பிடியைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே இருக்கும் பகுதி முழுக்கக் கறுத்துத் துருவேறிக் கிடக்கிறது. உலோகம் துலக்கும் பசை போட்டு இரண்டையும் தேய்த்துவிடலாமா? இன்னொன்று: இணைய ஏலத்தில் ‘மசமுனே’ என்று பெயர் வெட்டிய குட்டை வாள் வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்:

முதலில் பசையை மூடி வையுங்கள். துணி, உப்புத்தாள், கம்பி நார் எதுவும் அந்த வாளின் பக்கம் போக வேண்டாம். அலகைப் பற்றிப் பிறகு பேசுவோம். பிடிக்குள் மறைந்திருக்கும் அந்தக் கறுத்த காம்புப் பகுதியை, ஜப்பானியர் நக்காகோ என்பதை, ஒருபோதும் துலக்கக் கூடாது.

காரணம் எளிது. அலகுக்கு அவ்வப்போது சாணை ஏறும், எண்ணெய் ஏறும். காம்பை மட்டும் யாரும் தீட்டுவதில்லை. கொல்லர் அரத்தால் இழுத்த கோடுகள், உளியால் வெட்டிய பெயர், மூங்கில் ஆணி போகும் துளை, எல்லாவற்றின் மீதும் படிப்படியாக ஏறிய துரு, இவையெல்லாம் அங்கே அப்படியே இருக்கும். ஐநூறு வருடத்துத் துரு கரும்பழுப்பாக, கெட்டியாக, லேசான பளபளப்போடு இருக்கும். எண்பது வருடத்தது இன்னும் வெளிறி இருக்கும். அமிலம் ஊற்றி வரவழைத்தது ஆரஞ்சு நிறத்தில் பொடிப்பொடியாக விரலில் ஒட்டும். ஒரு வாளின் வயதையும் பெயரையும் சரிபார்க்க மதிப்பீட்டாளருக்குக் கிடைக்கும் முதல் சான்று இதுதான். பளபளவென்று துலக்கிய காம்பு வந்தால் அனுபவசாலிகள் பெருமூச்சு விட்டுவிட்டு வாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

காம்பில் சிலசமயம் கதையே எழுதியிருக்கும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானை ஆண்ட தொகுகவா குடும்பத்துக்கு வேலைசெய்த எச்சிசென் யசுட்சுகு என்ற கொல்லர், ஐரோப்பியக் கப்பல்களில் வந்திறங்கிய அந்நிய இரும்பைச் சேர்த்து அடித்தார், அதைக் காம்பிலேயே வெட்டியும் வைத்தார். தொகுகவா ஆட்சி நடந்த எடோ காலத்து (1603–1868) வாள்கள் சிலவற்றில், தண்டனை பெற்றவர்களின் உடலை வெட்டிப் பார்த்த சோதனையின் முடிவு பொன் எழுத்தில் பதித்திருக்கும். இதையெல்லாம் பசை தின்றுவிடும்.

உங்கள் ராணுவ வாள் என்ன வகை என்பதும் காம்பிலிருந்துதான் தெரியவரும். இருபுறமும் தெளிவாகப் படமெடுங்கள். 1935-ல் வந்த 95-ஆம் வகை, கீழ்நிலை அதிகாரிகளுக்காகத் தொழிற்சாலையில் செய்தது. பெரும்பாலும் உலோகப் பிடி, அதில் நாடா சுற்றியது போன்ற வார்ப்பு, அலகில் பொறித்த எண். நீங்கள் பிடியைக் கழற்றியதையும் தோலுறையையும் வைத்துப் பார்த்தால் உங்களுடையது அதுவாக இருக்காது என்று நினைக்கிறேன். அதிகாரிகளுக்கான வகையாக இருக்கும். அதிகாரிகள் வாளைத் தங்கள் காசில் வாங்கினார்கள். அதனால் ஒரே மாதிரிப் பிடிக்கும் உறைக்கும் உள்ளே மூன்று வேறு வேறு அலகுகள் இருக்கலாம்.

முதலாவது, போர்க்காலத்தில் ஆலை எஃகில் செய்து, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கியது. சேகரிப்பாளர்கள் இதை ஷோவாத்தோ என்பார்கள். காம்பில் ‘ஷோவா’ என்ற அக்கால ஆட்சிப் பெயரின் முதல் எழுத்தோ, செகி என்ற வாள் நகரத்தின் எழுத்தோ சின்ன முத்திரையாக இருந்தால் அநேகமாக இதுதான். இரண்டாவது, அதே போர்க்காலத்தில் மரபு முறையில் அடித்தது. ஐந்து முனை நட்சத்திர முத்திரை இருந்தால், ராணுவம் தேர்ந்தெடுத்து மரபு எஃகு கொடுத்து வேலைவாங்கிய கொல்லர் ஒருவருடையது என்று பொருள். தோக்கியோவின் யாசுகுனி கோயில் வளாகத்தில் 1933 முதல் 1945 வரை ஓர் உலைக்களம் நடந்தது. அங்கே செய்தவையும் இந்த இரண்டாம் இனம்தான். மூன்றாவது, தாத்தாவின் தாத்தா வைத்திருந்த பழைய அலகை ராணுவப் பிடிக்குள் பொருத்திக்கொண்டு போருக்குக் கிளம்பியது. காம்பில் ஒன்றுக்கு மேல் துளை, அடியில் வெட்டிச் சுருக்கிய தடம், மற்ற இரண்டில் இல்லாத ஆழ்ந்த துரு இருந்தால் இதை எதிர்பார்க்கலாம். மரப்பிடியின் அடியிலும் காம்பிலும் வண்ணத்தால் எழுதிய எண்கள் இருந்தால் அவை உதிரிகளைப் பொருத்துவதற்காகத் தொழிலாளர் இட்ட குறி. அதையும் அழிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் இனமாக இருந்தால், “ஜப்பானுக்கே அனுப்பித் தீட்டி வாங்கலாம்” என்று கிளம்பிவிடாதீர்கள். மரபு முறையில் செய்யாத வாளுக்கு ஜப்பானில் பதிவு கிடையாது. பதிவில்லாத வாளை அங்கே வைத்திருக்கவும் முடியாது. போனது போனதுதான்.

மரபு முறை என்றால் என்ன என்று ஒரு பத்தி. இரும்பு மணலையும் மரக்கரியையும் களிமண் உலையில் மாறி மாறிக் கொட்டி, மூன்று பகல் மூன்று இரவு துருத்தி போட்டு எடுக்கும் எஃகுதான் தமஹகனே. ஷிமானே மாவட்டத்து ஒகுஇசுமோவில் அந்த உலையை 1977-ல் மறுபடி மூட்டினார்கள், இன்றும் குளிர்காலத்தில் எரிகிறது. அந்த எஃகை மடித்து மடித்து அடிப்பார்கள். அலகு உருவானதும் களிமண் கலவை பூசுவார்கள், வெட்டும் வாய்ப்பக்கம் மெல்லிசாக, முதுகுப்பக்கம் தடிமனாக. பிறகு சிவக்கக் காய்ச்சி நீரில் இறக்குவார்கள். மெல்லிய பூச்சுள்ள வாய் சட்டென்று குளிர்ந்து கடினமாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து வளைந்து கொடுக்கும் தன்மையோடு நிற்கும். இரண்டுக்கும் நடுவே உண்டாகும் எல்லைதான் ஹமோன். கடினமான பகுதி சற்று விரிவதால் அலகு பின்பக்கம் வளையும், நீண்ட வாளான கத்தானாவின் வளைவில் பெரும் பங்கு இதற்கு உண்டு.

ஹமோனைப் பார்ப்பதில் புதியவர்கள் எல்லோரும் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. அலகின் வாயோரம் வெள்ளையாக அலையலையாகத் தெரிகிறதே, பெரும்பாலான படங்களில் தெரியும் அந்த வெண்மை, தீட்டுபவர் விரல்நுனிக் கல்லால் தேய்த்துக் காட்டிய அலங்காரம். உண்மையான ஹமோன் அதற்குள்ளே இருக்கிறது. அறையை இருட்டாக்கிவிட்டு ஒரே ஒரு விளக்கை வைத்து, அலகை விளக்கை நோக்கி நீட்டி, வெளிச்சம் எஃகில் பட்டுச் சறுக்கும் கோணம் வரும்வரை மெல்ல ஏற்றி இறக்குங்கள். எல்லைக்கோடு தானாக எழும். மூடுபனி போல் படர்ந்திருந்தால் நியோய் என்பார்கள். தனித்தனிப் பொடியாக மின்னினால் நியே. இரண்டும் ஒரே பொருள்தான், துகளின் அளவில்தான் வேறுபாடு. அமிலத்தில் ஊறவைத்தோ கம்பித் தூரிகையால் தேய்த்தோ வரைந்த போலி ஹமோனில் இந்த ஆழம் இருக்காது. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் மேல்பூச்சு மாதிரி ஒரே தட்டையாக நிற்கும்.

இனி உங்கள் மசமுனே. வேண்டாம்.

மசமுனே 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காமகுரா நகரில் வேலைசெய்த புகழ்பெற்ற வாள் கொல்லர். அவருடையவை என்று ஏற்கப்பட்ட வாள்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்தே இல்லை. கையெழுத்துள்ளவை என்று ஒப்புக்கொள்ளப்படுபவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சில குறுவாள்கள். அவருடைய பெயரோடு ஏலத்துக்கு வரும் வாளில் பின்னாளில் யாரோ வெட்டிய பொய்க் கையெழுத்து இருக்கும், அல்லது அதே பெயர் கொண்ட வேறொரு கொல்லர் இருப்பார். தொகுகவா குடும்பத்திடம் இருந்த புகழ்பெற்ற ஹொஞ்சோ மசமுனே 1945 இறுதியில் தோக்கியோவின் ஒரு காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, அதன்பின் காணாமல் போயிற்று. அந்தக் கதையைச் சொல்லி ஆசை காட்டும் விற்பனையாளர்களும் உண்டு. சிரித்துவிட்டு நகருங்கள்.

பொய்க் கையெழுத்துக்கு கிமேய் என்று பெயர். இது இணைய ஏலம் கண்டுபிடித்த திருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். எடோ காலத்தில் வாள் ஒரு பெரிய அன்பளிப்புப் பொருள். பெரிய பெயர் உள்ள வாள்களுக்குத் தேவை அதிகம், சரக்கு குறைவு. கொத்தெட்சு என்ற கொல்லரின் பெயரைக் கண்டாலே போலி என்று எடுத்துக்கொள் என்று ஜப்பானிலேயே சொல்வார்கள். அதனால் கையெழுத்து பொய் என்பதால் வாளும் மட்டம் என்று ஆகாது. நல்ல அலகு ஒன்றின் மேல் யாரோ பேராசையில் பெயர் வெட்டியிருக்கலாம். ஆனால் அதைப் பிரித்தறியும் கண் முதல் வருடத்தில் வராது. எனவே முதல் வாளுக்குப் பெயரைப் பார்க்காமல் அலகைப் பாருங்கள்.

அலகைப் பார்க்கும்போது முதலில் கையை நீட்டித் தூரமாகப் பிடித்து வடிவத்தைப் பாருங்கள். வளைவு எங்கே ஆழமாக இருக்கிறது, அடியிலிருந்து நுனிவரை அகலம் எவ்வளவு குறைகிறது, முனை சின்னதா நீண்டதா. வடிவம் காலத்தைச் சொல்லும். பிடிக்கு அருகே ஆழமாக வளைந்து, முனை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போவது காமகுரா காலத்துப் (1185–1333) போக்கு. 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லாமே பெரிதாகி, முனையும் நீண்டுவிடும். 1660-களின் வாள்கள் பல ஏறக்குறைய நேராக இருக்கும். அதன்பிறகு எஃகின் மேற்பரப்பு: மடித்து அடித்ததால் வரும் இழையோட்டம், ஹாதா. மரத்தின் குறுக்கு வெட்டு போலவோ நேர்கோடாகவோ தெரியும். அதற்கு அடுத்ததுதான் ஹமோன். கடைசியாகக் காம்பு. கையெழுத்தைப் பார்க்கும் ஆசை அரித்தாலும் இந்த வரிசையைக் குலைக்காதீர்கள். பெயரை முதலில் பார்த்துவிட்டால், கண் அதற்கேற்ற சாட்சியைத்தான் தேடும்.

குறைகளில் மன்னிக்கக்கூடியவை, கூடாதவை என்று இரண்டு உண்டு. மன்னிக்கவே முடியாதது ஹகிரே. வாய்ப்பக்கத்திலிருந்து ஹமோனுக்குள் செங்குத்தாக ஏறும் மயிரிழை விரிசல். வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போகும், படத்தில் தெரியவே தெரியாது. வாயைச் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியோடு ஒவ்வொரு அங்குலமாகத் தேட வேண்டும். அடுத்தது, முனையில் ஹமோன் காணாமல் போவது. முனை உடைந்து, மறுபடி வடித்துத் தீட்டியதில் கடினப் பகுதியே தேய்ந்து போயிருக்கும். மூன்றாவது, தீ விபத்தில் கடினம் இழந்த வாளை மறுபடி காய்ச்சித் தோய்த்திருப்பது. வரலாற்றுச் சிறப்புள்ள மிகப் பழைய வாளாக இருந்தால் இதைப் பொறுத்துக்கொள்வார்கள், உங்களுக்கு வரும் விலையில் பொறுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. இவற்றுக்கு மாறாக, வாயோரத்தில் சிறு உடைப்புகள், மடிப்பு சரியாக ஒட்டாத சின்னப் பிளவு, சின்னக் கொப்புளம் எல்லாம் வயதான வாளில் இருக்கத்தான் செய்யும். எத்தனை, எந்த இடத்தில் என்பதைப் பார்த்துப் பேரம் பேசலாம். அதிகம் தீட்டித் தேய்ந்த வாளில் மேலெஃகு கரைந்து, உள்ளேயிருக்கும் மென்மையான எஃகு மங்கலான திட்டாக வெளியே தெரியும். அந்த வாளின் ஆயுள் ஏறக்குறைய முடிந்தது.

காகிதங்களைப் பற்றி. ஜப்பானிலிருந்து வரும் வாளுக்கு இரண்டு வகை ஆவணம் பற்றிச் சொல்வார்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, மாவட்டக் கல்வி வாரியம் கொடுக்கும் பதிவுச் சான்று. அது வாளின் நீளம், வளைவு, துளை, கையெழுத்து ஆகியவற்றைக் குறித்துவைத்து, வைத்திருப்பது சட்டப்படி சரி என்கிறது. கையெழுத்து உண்மையா என்று அது சொல்வதே இல்லை. வாள் நாட்டைவிட்டு வெளியேறும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பண்பாட்டு விவகார முகமையிடம் ஏற்றுமதி அனுமதி வாங்க வேண்டும். இன்னொன்று மதிப்பீட்டுச் சான்று. 1948-ல் தொடங்கிய ஜப்பான் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் கொடுப்பதுதான் சந்தையில் பரவலாக ஏற்கப்படுகிறது. அதில் படிகள் நான்கு: ஹொசோன், தொக்குபெட்சு ஹொசோன், ஜூயோ, தொக்குபெட்சு ஜூயோ. இந்தப் படிவரிசை 1982-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய சான்றுகளை, குறிப்பாகப் பெரிய பெயர்களுக்குக் கொடுத்தவற்றை, இன்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. ஹொசோன் சான்றில் காம்பின் படம் ஒட்டியிருக்கும். வாங்கும் வாளின் காம்பை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுத் துளை, அரக்கோடு, எழுத்தின் வளைவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு வாளின் காகிதம் இன்னொன்றோடு பயணம் செய்வது நடக்காததில்லை.

அப்படியானால் எதை வாங்குவது? ஹொசோன் சான்றுள்ள, கையெழுத்தில்லாத அல்லது நடுத்தரக் கொல்லர் ஒருவரின் வாக்கிசாஷி. நீளம் 30 முதல் 60 செ.மீ. வரை இருக்கும் குட்டை வாள். எடோ காலத்தில் சாமுராய் அல்லாத வணிகர்களும் இதை அணியலாம் என்பதால் ஏராளமாகச் செய்தார்கள். எல்லோரும் நீண்ட கத்தானாவுக்கு ஆசைப்படுவதால், அதே காசுக்கு வாக்கிசாஷியில் இன்னும் நல்ல வேலைப்பாடும் நல்ல மெருகும் கிடைக்கும். கற்றுக்கொள்ள மெருகு நன்றாக இருக்க வேண்டும். துருப்பிடித்த வாளில் ஹாதாவும் தெரியாது, நியேயும் தெரியாது, எதை வைத்துக் கண்ணைப் பழக்குவீர்கள்? “மலிவாகத் துருவாளை வாங்கித் தீட்டிக்கொள்ளலாம்” என்ற கணக்கு பெரும்பாலும் நஷ்டத்தில்தான் முடியும். பயிற்சி பெற்ற தொகிஷி (வாள் தீட்டும் கலைஞர்) ஒருவரிடம் கொடுத்துத் தீட்டி, புதிய மர உறையும் செய்தால் சில ஆயிரம் பவுண்டு ஆகும், காத்திருப்பும் நீளும். பல வாள்களுக்கு அது வாளின் விலையையே தாண்டும்.

இப்போது உங்கள் வாளின் செந்துரு. அதைத் தேய்க்காதீர்கள், பரவாமல் நிறுத்துங்கள். சுத்தமான மெல்லிய பருத்தித் துணியாலோ மைக்ரோஃபைபர் துணியாலோ பழைய எண்ணெயையும் தூசியையும் துடைத்தெடுங்கள். பிசுக்கு போகவில்லையென்றால் துணியில் கொஞ்சம் ஐசோபுரோப்பில் ஆல்கஹால். பின் சோஜி எண்ணெயை மிக மெல்லிசாகத் தடவுங்கள். கனிம எண்ணெயில் கிராம்பு வாசம் சேர்த்ததுதான் அது, பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மினுமினுப்பு தெரிந்தால் போதும், சொட்டக் கூடாது. அதிகமானால் உறைக்குள் வடிந்து, மரத்தில் ஊறி, தூசியைச் சேர்த்துக்கொண்டு அதுவே அலகைக் கெடுக்கும். தோலுறையில் நிரந்தரமாக வைக்க வேண்டாம், உறைக்குள் ஏற்கெனவே துருப்பொடியும் ஈரமும் இருக்கும். அலகு ஓய்வெடுக்க ஏற்றது ஹொனோக்கி மரத்தில் செய்த ஷிராசாயா என்ற வெற்று உறை. சோற்றுப் பசையால் ஒட்டியிருப்பார்கள், உள்ளே சுத்தம்செய்ய வேண்டுமென்றால் பிளந்துவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். அந்த உறை அந்த ஒரு அலகுக்கு மட்டும்தான் பொருந்தும், கடையில் ஆயத்தமாக வாங்க முடியாது.

சினிமாவில் வெள்ளைப் பந்தால் அலகைத் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது உச்சிகோ, சாணைக்கல்லின் நுண்பொடி. பழைய எண்ணெயை உறிஞ்ச நல்லது, ஆனால் அதுவும் ஒரு கல்லே. பல வருடம் தொடர்ந்து தட்டித் துடைத்தால் மெருகு மங்கும். மலிவான தொகுப்புகளில் வரும் பந்துகளில் பருமனான பொடி இருந்து கீறிவிடுவதும் உண்டு. நல்ல மெருகுள்ள வாளில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

கழற்றுவதும் மாட்டுவதும் நிதானமாக நடக்க வேண்டும். பிடியின் மூங்கில் ஆணியை, மெக்குகியை, சிறிய முனைப் பக்கத்திலிருந்து தள்ளி எடுக்க வேண்டும். அது தேய்ந்தோ விரிந்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள், பிடியிலிருந்து அலகு கழன்று பறக்காமல் காப்பது அந்தச் சின்னத் துண்டுதான். உறையிலிருந்து எடுக்கும்போது வாய் மேலே பார்க்கட்டும், முதுகு உறையின் மேல் சறுக்கட்டும், பாதியில் நிறுத்தாதீர்கள். துடைக்கும்போது துணியை முதுகுப் பக்கத்திலிருந்து மடித்துப் பிடித்து, பிடிப்பக்கத்திலிருந்து முனையை நோக்கி ஒரே திசையில் போங்கள். மேலும் கீழும் தேய்ப்பது கீறலுக்கும் காயத்துக்கும் வழி. வெறுங்கையால் அலகைத் தொடாதீர்கள். விரல் ரேகை ஒரே வாரத்தில் துருவாக எழுந்து வரும். வாள் கையில் இருக்கும்போது அதன்மேல் குனிந்து பேசாதீர்கள், எச்சில் துளி தெறிக்கும். எண்ணெயை வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மாற்றினால் போதும், புதிதாகத் தீட்டிய வாளுக்கு மட்டும் முதல் ஆறு மாதம் அடிக்கடி பார்க்க வேண்டும். வைக்கும்போது படுக்கையாக, வாய் மேலே.

எப்போதாவது தீட்ட முடிவுசெய்தால், முழு வாளையும் கொடுக்கும் முன் ஒரு சிறு பகுதியை மட்டும் திறந்து காட்டச் சொல்லலாம். சன்னல் திறப்பது என்பார்கள். உள்ளே இருக்கும் எஃகு செலவுக்குத் தகுமா என்று அதில் தெரிந்துவிடும். கத்தி சாணை பிடிப்பவரிடமோ, சுழல் சக்கரம் வைத்திருக்கும் நண்பரிடமோ கொடுத்தால் முகட்டுக்கோடு வட்டமாகிவிடும், முனையின் எல்லை அழிந்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர இன்னும் எஃகை இழக்க வேண்டும்.

லண்டனில் இருப்பதால் கடைசியாகச் சட்டம். பிடியின் மேல்விளிம்பிலிருந்து முனைவரை நேர்கோட்டில் 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள வளைந்த வாளை விற்பதும் இறக்குமதி செய்வதும் அங்கே 2008 முதல் தடை. 1954-க்கு முன் செய்தவைக்கும், எந்தக் காலத்திலும் மரபு முறையில் கையால் செய்தவைக்கும் விலக்கு உண்டு. உங்கள் ராணுவ வாளுக்கு அதனால் சிக்கல் வராது. நூறு வருடத்தைத் தாண்டிய வாளை இறக்குமதி செய்தால் பழம்பொருளுக்கான 5 விழுக்காடு வாட் (VAT) வரியே பொருந்தும். விற்பவரைப் பொதியின் மேல் சரியான சுங்க வகையைக் குறிக்கச் சொல்லிவிடுங்கள், பின்னால் சுங்கத்தோடு கடிதப் போராட்டம் நடத்துவதைவிட அது சுலபம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நல்ல வாள்கள் காட்சிக்கு இருக்கின்றன, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாலும் வடிவத்தைப் பழக அவை போதும். கையில் வாங்கிப் பார்க்க ஜப்பானிய வாள் ஆர்வலர்களின் அமைப்பான பிரிட்டனின் தோக்கென் சங்கக் கூட்டங்களுக்குப் போங்கள். உங்கள் வாளையும் கொண்டுபோகலாம். பையில் வைத்துப் பூட்டி, போகும் இடத்தின் அழைப்பை அச்செடுத்துக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், வழியில் எங்கும் திறக்க வேண்டாம். அங்கே காம்பைப் பார்த்து எழுத்தைப் படித்துச் சொல்ல ஆள் இருப்பார்கள்.